கேள்வி – பதில்: அலமாரிக்குள் கிடந்த ஆம்போரா

கேள்வி: மார்ட்டிமர் வீலர் என்றால் அரிக்கமேட்டைத் தோண்டியவர் என்றுதான் பள்ளியில் படித்தோம். இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே அவர் அருங்காட்சியக இயக்குநராக இருந்தவர் என்று அண்மையில் ஒரு கட்டுரையில் கண்டேன். அகழாய்வாளர் ஒருவர் எப்படி அந்தப் பதவிக்குப் போனார்? அந்த அனுபவம் அரிக்கமேட்டு ஆய்வுக்கு ஏதேனும் உதவியதா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: அரிக்கமேட்டின் முதல் தடயம் வீலரின் கைக்கு அகப்பட்ட இடம் அரியாங்குப்பம் ஆற்றங்கரை அன்று, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரி. 1944ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்று, துறையின் கிளைகளையும் அருங்காட்சியகங்களையும் நேரில் பார்த்துவந்த அவர், சென்னையில் ஓர் அலமாரிக்குள் கைவிட்டுத் துழாவியபோது, நீண்ட கைப்பிடியோடு கூடிய ஒரு மண்கலத்தின் கழுத்துப் பகுதி கையில் தட்டுப்பட்டது. அது ஆம்போரா என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் திராட்சை மதுவையும் ஒலிவ எண்ணெயையும் கப்பலில் ஏற்றி அனுப்பப் பயன்பட்ட, இரண்டு கைப்பிடிகளும் கூரிய அடிப்பாகமும் கொண்ட சாடிதான் ஆம்போரா. தென்னிந்தியக் குயவர் எவரும் வனையாத வடிவம் அது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு என்ற பெயர் கிடைத்தது. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அய்யப்பன் சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சிறிய அளவில் தோண்டிப் பார்த்திருந்தார். வீலர் புதுச்சேரிக்குச் சென்று அங்கிருந்த நூலகத்தில் சேகரித்து வைக்கப்பட்டிருந்த ஓடுகளைப் பார்த்தார். அவற்றினிடையே இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பட்டறைகளில் செய்யப்பட்ட, செந்நிறப் பளபளப்புடைய அரிட்டைன் மட்கல ஓடுகளும் இருந்தன.

இந்த நிகழ்ச்சியை நற்பேறு என்று சொல்லிக் கடந்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கைப்பிடியை அவருக்கு முன்பும் பலர் பார்த்திருக்கக்கூடும். பார்த்த மாத்திரத்தில் அதன் ஊரையும் காலத்தையும் சொல்லக்கூடிய கை எப்படி உருவாயிற்று என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

1890இல் கிளாஸ்கோவில் பிறந்த வீலர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் செவ்வியல் மொழிகளைப் பயின்றவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றித் திரும்பியபின், 1920இல் கார்டிஃபில் உள்ள வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் தொல்லியல் பிரிவின் காப்பாளராகச் சேர்ந்தார். அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளராகவும் இருந்தார். 1924இல் அதே அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். போரினால் கட்டடப்பணி பாதியில் நின்றிருந்தது. நிதிநிலையோ கடனில் இருந்தது. அரசையும் செல்வந்தர்களையும் இணங்கவைத்துப் பணம் திரட்டி அந்தப் பணியை அவர் முன்னே நகர்த்தினார். இவ்வளவுக்கும் நடுவே கோடைதோறும் செகோன்டியம், பிரெக்கன் கயர் முதலிய ரோமானியப் படைக்கோட்டைகளில் தோண்டிக்கொண்டிருந்தார். 1926இல் லண்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் பதவி வந்தது. லான்காஸ்டர் மாளிகை என்ற பெரிய இல்லத்தில், வந்ததையெல்லாம் வாங்கிக் குவித்துவைத்த நிலையில் இருந்த அந்த நிறுவனத்தை, பொருள்களைத் தரம் பிரித்து, வேண்டாதவற்றை விலக்கி, பட்டியலிட்டு, ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். ரோமானியர் காலத்து லண்டன், வைக்கிங்குகள் காலம், சாக்சன் காலம் என்று ஒவ்வொரு காலத்துப் பொருள்களுக்கும் தனித்தனி விளக்க நூல்களை 1927 முதல் 1935 வரை அவரே எழுதி வெளியிட்டார்.

வேல்ஸிலும் லண்டனிலும் கழிந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ரோமானிய ஓடுகள் அவர் விரல்களினூடே சென்றிருக்கின்றன. அந்த விரல்களே எழும்பூர் அலமாரியிலும் நுழைந்தன. ரோமானியப் பிரிட்டனைத் தோண்டியவருக்கும் இந்தியாவுக்கும் என்ன தொடர்பு என்று அவர் நியமனத்தின்போது, ஆங்கிலேயர் ஆட்சியில் தில்லியில் இயங்கிய மத்தியச் சட்டமன்றத்தில் கேள்வி எழுந்ததாம். கையில் அகப்பட்ட அந்தக் கைப்பிடியே அதற்கு விடை என்று வீலர் பின்னாளில் எழுதினார்.

1945இல், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அரிக்கமேட்டில் உரிய அனுமதி பெற்று அவர் அகழாய்வு நடத்தினார். அரிட்டைன் கலங்கள் எந்தக் காலத்தவை என்பது இத்தாலியிலேயே தெளிவாகத் தெரிந்த செய்தி. ஆகவே அவை கிடைத்த மண்ணடுக்கில் உடன் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அதுவரை தென்னிந்தியத் தொல்பொருள்களுக்கு உறுதியான காலக்கணக்கு அரிதாகவே இருந்தது. அங்கே கண்ட மட்கல வகைகளைத் துணையாகக் கொண்டு 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்காலச் சின்னங்களின் காலத்தையும் அவர் கணிக்க முயன்றார். அரிக்கமேட்டில் அகழாய்வு முடிந்த மறு ஆண்டே, 1946இல், ‘ஏன்ஷியண்ட் இந்தியா’ என்ற துறை இதழில் முழு அறிக்கையும் வெளிவந்துவிட்டது. இந்த வேகத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். தோண்டுதல் என்பது ஒரே ஒருமுறை படிக்கக்கூடிய ஏட்டைக் கிழித்துக்கொண்டே படிப்பதைப் போன்றது. படித்ததை எழுதிவைக்காவிட்டால் கிழித்தது மட்டுமே எஞ்சும். ஆதிச்சநல்லூரில் 2004இல் தொடங்கிய அகழாய்வின் அறிக்கைக்காக நாம் 15 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்ததை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: களத்தில் வெயிலில் நின்றவர்களை நாற்காலியில் அமர்த்திக் கோப்புகளில் கையெழுத்திட வைத்தால், நாடு ஒரு நல்ல ஆய்வாளரை இழந்துவிடாதா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இழப்பு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இயக்குநரின் நாளில் பெரும்பகுதி கட்டடத்தின் ஒழுகலுக்கும் பணியிட நிரப்பலுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் போய்விடுகிறது. வீலரால் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அவருடைய உழைப்பு மட்டுமன்று. அவருடைய மனைவி டெஸ்ஸா வீலரின் உழைப்பும்தான். 1926இல் வீலர் லண்டனுக்குப் போனபோது, வேல்ஸில் கெயர்லியன் என்ற ஊரின் ரோமானிய வட்டரங்க அகழாய்வுப் பொறுப்பை ஏற்று நடத்தியவர் டெஸ்ஸா. 1930 முதல் 1933 வரை வெருலமியம் என்ற ரோமானிய நகரத்திலும், 1934இல் தொடங்கிய மெய்டன் காசில் என்ற பழைய குன்றுக்கோட்டை அகழாய்விலும் அன்றாடப் பணிகளை ஒழுங்குபடுத்தி, மாணவர்களைப் பழக்கி, கணக்கு வழக்கையும் பார்த்தவர் அவரே. லண்டனில் தொல்லியலுக்கென்று ஒரு கல்வி நிறுவனம் வேண்டும் என்று இருவரும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். 1937இல் அது திறக்கப்பட்டபோது டெஸ்ஸா உயிருடன் இல்லை. முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். நம் பாடநூல்களில் வீலர் பெயர் வரும் இடத்தில் டெஸ்ஸாவின் பெயர் ஒருமுறையேனும் வரவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

இழப்பு ஒருபுறம் இருக்க, களத்திலிருந்து வந்தவர் தலைமையில் அமரும்போது அருங்காட்சியகத்துக்கு ஒரு பெரிய நன்மை கிடைக்கிறது. அதைச் சொல்ல ஓர் ஓட்டின் பயணத்தை விவரித்தால் போதும்.

அகழாய்வுக் குழியிலிருந்து எடுக்கப்படும் பானை ஓடு, அந்தக் குழிக்கும் அந்த மண்ணடுக்குக்கும் உரிய கூடையில் சீட்டுடன் போடப்படுகிறது. கழுவி, நிழலில் உலர்த்தியபின், ஓட்டின் உட்புறத்தில், பார்வைக்கு உறுத்தாத ஓரமாக, அகழாய்விடத்தின் சுருக்கெழுத்து, ஆண்டு, குழி எண், அடுக்கு எண் ஆகியவற்றை மெல்லிய நிப்பால் எழுதுகிறார்கள். கடுகளவே இருக்கும் அந்த எழுத்துதான் ஓட்டின் பிறப்புச் சான்றிதழ். வீலரின் முறையில் தரையைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கு நடுவே தோண்டாத மண்சுவரை விட்டுவைப்பார்கள். அந்தச் சுவரின் முகத்தில் ஒவ்வோர் அடுக்கும் வேறு வேறு நிறப் பட்டையாகத் தெரியும், பட்டைதோறும் எண்ணிட்ட சீட்டைக் குத்திவைப்பார்கள். சுவரிலுள்ள சீட்டில் என்ன எண்ணோ, அதே எண் ஓட்டிலும் இருக்கவேண்டும். இந்தக் கயிறு அறுந்துவிட்டால், எவ்வளவு அழகிய கலமாக இருந்தாலும் அதற்குப் பாதி வாய் அடைத்துப்போகும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊரின் சிறிய அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் ஐந்து கறுப்பு சிவப்புக் கிண்ணங்களைப் பார்த்தேன். ‘மண்பாண்டங்கள், மிகப் பழைமையானவை’ என்று மட்டும் அட்டையில் எழுதியிருந்தது. எந்த ஊர், யார் கொடுத்தது, தாழியில் இருந்ததா, வீட்டுத் தரையில் இருந்ததா, ஒன்றுமே இல்லை. பணியிலிருந்தவரைக் கேட்டேன். பழைய பதிவேடு நனைந்துபோயிற்று என்று வருத்தத்தோடு சொன்னார். ஒரு கிண்ணத்தைச் சற்றே சாய்த்து வைத்திருந்ததால் அதன் உட்புறம் தெரிந்தது. அங்கே வெள்ளை மையில் எழுதப்பட்ட ஏதோ ஓர் எண் பாதி அழிந்திருந்தது. யாரோ ஒருவர் வெயிலில் குந்தியிருந்து பொறுமையாக எழுதிய எண் அது. களத்தில் அந்த எண்ணைத் தம் கையால் எழுதிப் பழகிய ஒருவர் அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்திருந்தால், கூரை ஒழுகும் என்று தெரிந்த அன்றே பதிவேட்டை வேறிடத்துக்கு மாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

களப்பணிதான் ஒரே வழி என்றும் நான் சொல்லமாட்டேன். சென்னை அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவில் காப்பாட்சியராக இருந்து, பிற்காலத்தில் தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக உயர்ந்த சி. சிவராமமூர்த்தி, வடமொழிப் புலமையும் கல்வெட்டறிவும் சிற்பக்கலை ஞானமும் கொண்டு வந்தவர். சென்னையில் உள்ள அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942இல் அவர் எழுதிய நூலை அத்துறையினர் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். மண்ணைத் தோண்டியவருக்கு அடுக்கு எப்படியோ, அவருக்குச் சிற்பத்தின் ஆடைமடிப்பும் அணிகலனும் அப்படி.

கேள்வி: வீலர் சொன்னவை பல தவறு என்று இப்போது சொல்கிறார்களே, உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: சில தவறுதான். மொகஞ்சதாரோவின் மேலடுக்குகளில் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து, ஆரியப் படையெடுப்பில் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்று அவர் எழுதினார். அந்த எலும்புக்கூடுகள் யாவும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவை அல்ல என்று 1960களில் ஜார்ஜ் டேல்ஸ் காட்டினார். பிறகு கென்னத் கென்னடி எலும்புகளையே ஆராய்ந்து, படுகொலைக்குரிய வெட்டுக்காயங்கள் அவற்றில் ஏறக்குறைய இல்லை என்று நிறுவினார். அரிக்கமேட்டை ரோமானியர் வருகையால் எழுந்த வணிகத்தளமாக வீலர் கண்டார். அவருக்குப்பின் அங்கே தோண்டிய ஜான்-மரி காசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும், 1989 முதல் 1992 வரை அகழாய்வு நடத்திய விமலா பெக்லியும், அந்த ஊர் ரோமானிய வணிகத்துக்கு முன்பே இருந்தது என்பதையும், வீலர் குறித்த காலத்துக்குப் பின்னும் நீண்டகாலம் தொடர்ந்தது என்பதையும் தெளிவுபடுத்தினார்கள். ரவுலட்டட் எனப்படும், உட்புறத்தில் புள்ளிவரிசை வட்டங்கள் கொண்ட தட்டுகளை அவர் மேற்கிலிருந்து வந்தவை என்று நினைத்தார். அவற்றின் களிமண் இந்திய மண்ணே என்பது பிந்தைய சோதனைகளில் தெரிந்தது.

இந்தத் திருத்தங்கள் எப்படி நிகழ்ந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஓடுகள் எண்ணோடு பாதுகாக்கப்பட்டிருந்தன; வரைபடங்களும் அறிக்கையும் அச்சில் இருந்தன. அதனால்தான் அடுத்த தலைமுறை அவற்றையே எடுத்து அவரை மறுக்க முடிந்தது.

கேள்வி: ஆதிச்சநல்லூரில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு கிடைத்த பொருள்கள் இப்போது எங்கே இருக்கின்றன? அவை ஊருக்கே திரும்பி வரக்கூடாதா? (வாசகர், திருவைகுண்டம்)

பதில்: 1876இல் அங்கே தோண்டிய ஃபெடோர் யாகோர் என்ற ஜெர்மானியர் தாம் எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுசென்றார். 1899 முதல் சில ஆண்டுகள் அங்கே முறையாக அகழாய்வு நடத்திய அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் முதலியன எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதே காலத்தில், 1904இல், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் வாழ்நாளில் சேகரித்த கற்கருவிகளும் அங்கே சேர்ந்ததால், தமிழகத் தொல்பழங்காலத்தை அறிய விரும்பும் எவரும் எழும்பூருக்குப் போயாக வேண்டிய நிலை உண்டாயிற்று.

ஊருக்குத் திரும்பவேண்டும் என்ற உங்கள் ஏக்கத்தில் நியாயம் இருக்கிறது. தாழி எந்த மண்ணில் புதைந்திருந்ததோ அந்த மண்ணில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது என்னவென்று மனத்தில் படும். வீலரும் இதை உணர்ந்திருந்தார். அகழாய்விடங்களிலேயே இருந்த அருங்காட்சியகங்களைச் சீர்படுத்துவதற்காக 1946இல் தொல்லியல் துறைக்குள் தனியாக ஓர் அருங்காட்சியகக் கிளையை அவர் ஏற்படுத்தினார். ஆதிச்சநல்லூரிலேயே 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட களக் காட்சியகத்தில், அகழாய்வுக் குழியின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளைக் கிடந்த கிடையிலேயே காணச் செய்திருக்கிறார்கள். அதே ஆண்டு மார்ச் மாதம் கீழடியிலும் மாநில அரசு அருங்காட்சியகத்தைத் திறந்தது. பழைய பொருள்களைத் திருப்பிக் கேட்கும்போது, சீரான வெப்பநிலை, ஈரப்பதக் கட்டுப்பாடு, இரும்பும் வெண்கலமும் அறிந்த வேதியியல் பாதுகாவலர் ஆகிய மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் கழிந்தாலே பழைய இரும்பு ஏடு ஏடாக உரியத் தொடங்கிவிடும்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அருங்காட்சியக இயக்குநராக வேண்டும் என்கிறாள். எதைப் படிக்கவைப்பது? (வாசகி, கோவை)

பதில்: மகளுக்கு என் வாழ்த்து. இயக்குநர் பதவிக்கென்று நேரான படிப்பு ஏதும் இல்லை. ஏதேனும் ஒரு துறையில் ஆழமான அறிவு முதலில் வேண்டும். இளநிலையில் வரலாறு, தமிழ், வேதியியல், நிலவியல் எதைப் படித்தாலும், முதுநிலையில் தொல்லியலுக்கு வர வழியுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் கற்பிக்கிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையே கல்வெட்டியலையும் தொல்லியலையும் சேர்த்து முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பயிற்சி நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. அருங்காட்சியகவியலைத் தனிப்பாடமாகப் படிக்க பரோடா பல்கலைக்கழகம் பெயர்பெற்ற இடம். தமிழகத்தில் தொல்லியல் துறையும் அருங்காட்சியகங்கள் துறையும் தனித்தனி என்பதால், காப்பாட்சியர் பணிக்கும் தொல்லியல் அலுவலர் பணிக்கும் தேர்வாணைய அறிவிப்புகள் வேறு வேறாக வரும், இரண்டையும் கவனித்துக்கொள்ளுங்கள். பணியிடங்கள் குறைவு, அறிவிப்புகளுக்கு இடையே ஆண்டுகள் ஓடும் என்பதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படிப்பு தொடங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு விடுமுறை நாளில், வெறிச்சென்று இருக்கும் வேளையில், அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே ஒரு பொருளின் முன்பு ஒரு மணி நேரம் நின்று, பென்சிலால் அதைத் தாளில் வரையச் சொல்லுங்கள்: விளிம்பு எப்படி வளைகிறது, எங்கே தடிக்கிறது, சக்கரத்தில் வனைந்த கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து வரையட்டும். வரைந்து முடித்தபின் பேழையின் அட்டையில் இருப்பதை அப்படியே அதனடியில் எழுதிக்கொள்ளட்டும். அட்டையில் ஊர்ப்பெயர் இல்லாவிட்டால், அங்கிருக்கும் காப்பாட்சியரிடம் அவளே போய்க் கேட்கட்டும்.